எரியாத தகடு

ரோமிலிருந்து வந்தது கடிதம் மட்டும்தான். அதில் குறித்திருந்த எழுத்துகளை ஓர் எவர்சில்வர் தகட்டில் வெட்டுவித்து, விமானத்தின் வெளிப்புறத்தில், வாலுக்குக் கிட்ட, கீழே நிற்கிறவர் வாசிக்கக்கூடிய இடத்தில் பூட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. என் கணவர் அந்தக் கடிதத்தை, எங்கள் பட்டணத்தின் கபோ பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற கடையில் கொடுத்தார். வக்கீல்மாரின் கதவுகளுக்கும் கல்லறைகளுக்கும் பெயர் வெட்டுகிற கடை அது. நாலு நாளில் தகடு ஒரு சின்னக் கடிதவுறைக்குள் வந்து சேர்ந்தது.

அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து என் பக்கம் திருப்பினார். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சிறியது. நாலு மூலையிலும் நாலு ஓட்டை. பதிவு எழுத்துகள் பெரிதாக இருந்தன. அதற்குக் கீழே விமானத்தின் ரகம், பிறகு கட்டியவரின் பெயர். கடைசி வரியில் வரிசை எண் என்று போட்டு, ஒன்று என்று இருந்தது.

"ஒண்டோ?" என்று கேட்டேன்.

"ஓம். வேறை இல்லைத்தானே" என்றார்.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. நான் துடைக்கிற வீடுகளில் சலவை மெசினுக்கு அடியிலும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் எட்டு இலக்கம், பத்து இலக்கம். ஒன்று என்று எண் போட்ட ஒரு சாமானை என் சீவியத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். அதுவும் என் வீட்டு மேசையில், பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில். எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி வருவதற்குள் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று நின்று கால் வீங்கியது. இந்தச் சாமானுக்கோ ஒரே கடிதத்தில் ஓர் அரசாங்கம் எழுத்துக் கொடுத்து, நீ இன்னார் என்று சொல்லிவிட்டது. பொறாமைப்பட வேண்டிய நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

என் கணவருக்குப் பிரான்காச்சோ பகுதியில் கார்களுக்குத் தகர வேலை செய்கிற பட்டறையில் வேலை. நசுங்கின கதவையும் மட்கார்டையும் தட்டி எடுத்து, நேற்று வாங்கின கார்போல ஆக்குவார். அந்தப் பட்டறைக்குப் பின்னால் முதலாளி பாவிக்காத ஒரு கொட்டில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் சுருட்டின வரைபடங்களோடு வீட்டுக்கு வந்து, "விமானம் ஒண்டு செய்யலாம் எண்டு பாக்கிறன்" என்றார். ஏன் என்று கேட்டேன். கனநேரம் யோசித்துவிட்டு, "தகட்டிலை செய்யலாமாம்" என்றார். இன்றுவரை அதற்கு மேல் ஒரு காரணமும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானக் கழகத்தில் ஓட்டப் பழகி அனுமதிப்பத்திரமும் எடுத்தார். அதைப் பற்றியும் பெரிதாகக் கதைக்கவில்லை.

மாதா கோயிலில் எங்கள் சனம் சும்மா விடுமா? "பைலற் ஐயா, மன்னாருக்கு நேரடிச் சேவை எப்ப துவங்குது?" என்று பூசை முடிந்ததும் கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கும் சேர்த்து நான் வாய் கொடுப்பேன். ஆனால் ஓர் உண்மையை இங்கே சொல்லவேண்டும். அவர்கள் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். இது முடியாத வேலை. மற்ற ஆம்பிளைகள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள். இவர் கொட்டிலுக்குள் தகடு வெட்டுகிறார், கிடக்கட்டும் என்றுதான் விட்டேன். முடியாது என்று நம்பினபடியால்தான் உதவிக்கும் போனேன்.

உதவி என்றால் சின்ன உதவியில்லை. ரிவெற் ஆணி அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளேயிருந்து மற்றவர் ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் வாலோடு அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் வால் நசிந்து, இரண்டு தகடும் ஒன்றாகும். விமானத்தின் வால் பகுதி போகப் போக ஒடுங்கும். அதற்குள் தவழ்ந்து போகக்கூடிய உயரமும் உடம்பும் எங்கள் வட்டாரத்தில் எனக்குத்தான் வாய்த்தது. பட்டறை முதலாளியின் வயிறு வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு வீடு துடைத்து முடித்த பின்னேரங்களில் பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவேன். "பிடிச்சிட்டீரே?" என்று அவர் வெளியிலிருந்து கேட்பார். "ஓம், அடியுங்கோ" என்பேன். ஒன்பது வருடமாக நாங்கள் அதிகம் கதைத்த கதை இதுதான்.

நடுவில் என்னை அசத்திய நாட்களும் உண்டு. முதல் செட்டை, விமானத்தின் ஒரு பக்கச் சிறகு, முடிந்த நாள், ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகப் பிடித்துத் தூக்கினோம். இடுப்புப் பிடிக்கப் போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நான் தூக்கினால், அது சும்மா எழும்பி வந்தது. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு சாமான், துவைத்த கம்பளி அளவுகூடப் பாரமில்லை. இவ்வளவு லேசானதை நம்பி மனிதர் ஏறுவார்களா என்று பயந்தேன். இவ்வளவு லேசாக இருப்பதால்தான் ஏறலாம் என்றார் அவர். அன்று பஸ்ஸில் வரும்போது என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் அது ஒருநாள் முடியும் என்று நினைக்கவில்லை. சிலுவைப்பாதை படங்களுக்குக்கூடப் பதினாலு என்று ஒரு கணக்கு உண்டு. இவருடைய வேலைக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்றுதான் இருந்தேன்.

அந்தத் தகட்டைக் கண்டதும்தான் முடிந்துவிட்டது என்று விளங்கியது. வருகிற செவ்வாய்க்கிழமை ரோமிலிருந்து பரிசோதகர் வருகிறார். தகடு பூட்டியிருந்தால் பார்த்துக் கையெழுத்து வைப்பார். பிறகு செட்டைகளைக் கழற்றி லொறியில் ஏற்றி, பட்டணத்துக்கு வெளியே இருக்கிற புல் ஓடுதளத்துக்குக் கொண்டுபோவார்கள். பிறகு இவர் ஏறுவார்.

"முழுப் பிளேனும் அலுமினியம். இது மட்டும் ஏன் எவர்சில்வர்?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காமல் கேட்ட கேள்விதான்.

அவருக்குப் பொய் வராது. அவரிடம் எனக்கு இருக்கிற பெரிய குறை அது. "அலுமினியம் நெருப்பிலை உருகிப்போடுமப்பா. இது உருகாது. மிச்சமெல்லாம் போனாலும் இது கிடக்கும். எந்தப் பிளேன், ஆரின்ரை பிளேன் எண்டு கண்டுபிடிக்கலாம்."

நான் தகட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். பருப்பை மூடினேன். "அப்ப எரியும் எண்டு நினைச்சுத்தான் பூட்டச் சொல்லினம், என்ன?" என்றேன்.

"எல்லாப் பிளேனுக்கும் சட்டம் அதுதானப்பா."

"நான் உள்ளுக்கை இறங்கமாட்டன். வேறை ஆரையும் பாருங்கோ."

வேறு ஆளில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கெஞ்சவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. தகட்டைத் துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் பயந்தேன். ஒன்பது வருடமாக இந்த மனிதன் சாகக்கூடிய ஒரு சாமானுக்கு நானே உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். இரவு படுத்த பிறகும் அதே நினைப்புத்தான். நான் இரும்பைப் பிடிக்காவிட்டால் தகடு இல்லை, தகடு இல்லாவிட்டால் பறப்பு இல்லை. அவ்வளவும் என் கையில் இருந்தது.

ஞாயிறு காலை அவர் கொட்டிலுக்குப் போனதும், லாச்சியைத் திறந்து தகட்டை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், எனக்குப் பக்கபலம் தேவைப்பட்டது. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பெண்டுகளுக்குக் காட்டினால், "ஐயோ, விடாதை பிள்ளை, இது விசர் வேலை" என்று நாலு பேர் சொல்வார்கள். அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் சொல்லலாம் என்பது என் திட்டம்.

எடுத்து மேசையில் வைத்தேன். "பைலற்ரை பிளேனுக்கோ? மெய்யாவே முடிஞ்சுதோ?" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த சனம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. ஒன்பது வருடம் சிரித்த வாய்களெல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த எழுத்துகளை வாசித்தன. பிறகு ஒருவர், "இது ஒருக்காப் பூட்டினாக் கழட்டக்கூடாதோ?" என்று கேட்டார். கூடாது என்றேன். "அப்ப தாலி மாதிரித்தான்" என்றாள் பின்னால் நின்ற ஒரு பிள்ளை.

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. யாரோ குசினிக்குள்ளிருந்து ஒரு தட்டம் கொண்டுவந்தார்கள். யாரோ மாதா சுரூபத்தடியில் இருந்த பூக்களில் கொஞ்சத்தை எடுத்துப் பரப்பினார்கள். கலியாணத்தில் தாலியைச் சபைக்குள் கொண்டுபோய், எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்க விடுவோமே, அதேபோலத் தகட்டைத் தட்டத்தில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோனார்கள். நான் செத்த வீட்டுக்கு ஆள் சேர்க்கப் போனேன். அவர்கள் கலியாணத்துக்கு ஆயத்தமாகிவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தொட்டார்கள். சிலர் சிலுவை போட்டார்கள். என்னைத் தவிர எல்லாருக்கும் சந்தோசம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

தட்டம் கடைசி வரிசையில் இருந்த அக்காவிடம் போய் நின்றுவிட்டது. அவர் வன்னியிலிருந்து சண்டைக்குப் பிறகு வந்தவர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அந்தக் கடைக்கு மேலால் விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள் போகும்போது, கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லுவார்கள். அவருடைய மகன் கடைசிக் கிழமைகளில் பதுங்கு குழியிலிருந்து தண்ணீர் எடுக்க வெளியே போனவன். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. படத்தைக் கொண்டு எத்தனையோ கந்தோர் ஏறி இறங்கினார். ஒருவரும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

அவர் தகட்டைத் தட்டத்திலிருந்து கையில் எடுத்துவிட்டார். வேறு ஒருவரும் எடுக்கவில்லை, தொட்டார்கள் மட்டும்தான்.

"இது என்னத்துக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எல்லாருடைய கொண்டாட்டத்தையும் கெடுக்கவேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு. அந்த ஆத்திரத்தில், "விழுந்து எரிஞ்சால், எரியாமல் கிடக்கிறது இது ஒண்டுதான் அக்கா. ஆரெண்டு கண்டுபிடிக்கிறதுக்கு" என்று உரத்துச் சொன்னேன்.

யாரிடம் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

அக்கா அழவில்லை. பெருவிரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "எரியாதோ?" என்றார்.

"எரியாதாம்."

"மண்ணுக்கை கனகாலம் கிடந்தால்?"

"கிடந்தாலும் எழுத்து அழியாதாம் அக்கா."

அவர் தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இந்தப் பிளேன் என்ன செய்யும்?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஒண்டும் செய்யாது. பறக்கும். ரெண்டு பேர் இருக்கலாம்" என்றேன்.

"வேறை ஒண்டும் இல்லையோ? சும்மா பறக்கிறதுக்கும் மனுசர் செய்வினமே?" என்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். ஐம்பத்தைந்து, அறுபது வயது மனுசி, முதன்முதல் கடலைக் காண்கிற பிள்ளையைப்போல என்னைப் பார்த்தார். விமானத்துக்கு அப்படியும் ஒரு வேலை இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் தகட்டை முத்தமிட்டார். தட்டத்தில் வைக்காமல், எழும்பி வந்து என் கையைப் பிடித்து, அதற்குள் வைத்து விரல்களை மூடினார். "இது போறவைக்கு இல்லைப் பிள்ளை. தேடிப் போறவைக்கு. எங்களிட்டை இப்பிடியொண்டு இருக்கேல்லை. நீ பூட்டு" என்றார்.

நான் தேத்தண்ணியும் குடிக்காமல் பஸ் தரிப்புக்கு நடந்தேன். பிரான்காச்சோ பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். பயம் போகவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் என் பயத்துக்கு அந்தத் தகட்டைக் குற்றம் சொல்ல இனி ஏலாது என்று விளங்கியது. தகடு இல்லாவிட்டால் அவர் பறக்கமாட்டார் என்றுதான் கணக்குப் போட்டேன். தகடு, தேடிப் போகவேண்டிய எனக்கென்று இருக்கிற சாமான் என்று ஒருதரமும் யோசிக்கவில்லை.

கொட்டிலில் என் கணவர் முழங்காலில் நின்று வேலை மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் லாச்சியைப் பார்த்துவிட்டு, கொட்டிலிலும் எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துக் கொட்டியிருந்தார். முகம் வேர்த்து வெளிறிப்போயிருந்தது. "தகட்டைக் காணேல்லையப்பா" என்றார். நான் எடுத்திருப்பேன் என்ற சந்தேகம்கூட அந்த மனிதருக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னட்டை இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தேன். எங்கே கொண்டுபோனேன், யார் யார் தொட்டார்கள், அக்கா என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தகடு முழுக்கக் கைரேகை. அவர் வழக்கம்போல ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்தார். பின்பக்கத்தைத் துடைத்து, அரிப்புப் பிடிக்காத மருந்து பூசினார். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற வாயால் உள்ளே இறங்கி, முழங்கையால் தவழ்ந்து வால் பக்கம் போனேன். ஆடி மாத வெயில். உள்ளே இட்டலிப் பானைதான். ஆனாலும் அன்று முதல்தடவையாக அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். மேலும் கீழும் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக நசிந்த ரிவெற் வால்கள். ஒவ்வொன்றையும் நான் பிடித்திருந்தேன். கோணலாய்ப் போய், இவர் துளைத்தெடுத்து இரண்டாம்தரம் அடித்தவைகூட எவையென்று எனக்குத் தெரியும். நான் இப்போது படுத்துக் கிடக்கிற இதே இடம் இன்னும் சில கிழமைகளில் கடலுக்கு மேலே இருக்கும் என்று நினைத்தேன். வீடு துடைக்கிற இந்தக் கையும் தகரம் தட்டுகிற அந்தக் கையும் சேர்ந்து ஆகாயத்தில் நிற்கக்கூடிய ஒன்றைச் செய்துவிட்டோம். அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவு வெக்கையிலும் எனக்குக் குளிர்ந்தது.

பக்கச் சுவரில் அவர் முன்கூட்டியே துளைத்திருந்த நாலு ஓட்டைகளாலும் வெளிச்சம் வந்து, என் கையில் நாலு புள்ளியாய் விழுந்தது. வெளியே தகட்டை வைத்துப் பொருத்துகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் ஒருதரம் மறைந்து, ஓட்டையும் ஓட்டையும் சரியாய் வந்ததும் திரும்பி வந்தது. முதல் ரிவெற்றைச் செருகினார். ஒரு புள்ளி போனது.

"பிடிச்சிட்டீரே?"

"ஓம், அடியுங்கோ."

அடித்தார். முழு விமானமும் என்னைச் சுற்றி அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நான் விரலால் தடவிப் பார்த்து, சரி என்றேன். நாலாவது ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதற்குள்ளால் அவருடைய சேர்ட் தெரிந்தது, நெஞ்சுக்கு நேராக, காணாமல்போன ஒரு பொத்தானின் நூலோடு. நான் இரும்புக் கட்டியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் வேண்டாம் என்றால் அந்த மனிதர் அப்படியே துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கொஞ்சநேரம் கழித்து, "என்னப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்டுமில்லை. விழுந்தியளெண்டால் நான்தான் தேடி வரவேணும்" என்றேன். குரல் உள்ளே முட்டிமோதி எனக்கே பெரிதாய்க் கேட்டது. "எங்கை விழுந்தாலும் வருவன். நேராய் அடியுங்கோ."

பிறகு நாலாவது ஓட்டையும் இருண்டது. நான் இருட்டில் ஆணியின் வாலைத் தேடிப் பிடித்து, இரும்பை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.